திருமணம் ஏன் தள்ளிப்போகிறது? குடும்ப மாற்றத்துக்குச் சமூகவியல் சொல்லும் காரணங்கள்

"பாதித் திருமணங்கள் மணமுறிவில் முடிகின்றன" என்று ஒரு செய்தி வந்தால், காரணம் தேடுவதற்கு முன் அந்தப் 'பாதி' எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் ஓராண்டில் பதிவான மணமுறிவுகளை அதே ஆண்டில் நடந்த திருமணங்களால் வகுத்திருப்பார்கள். ஆனால் இந்த ஆண்டு பிரிகிறவர்கள் ஐந்து, பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் மணந்தவர்கள். ஒரு நாட்டில் ஆண்டுக்கு 1,00,000 திருமணங்களும் 20,000 மணமுறிவுகளும் நடப்பதாக வைத்துக்கொள்வோம். விகிதம் 20 சதவீதம். இளைஞர்கள் திருமணத்தைத் தள்ளிப்போட, திருமணங்கள் 50,000 ஆகக் குறைகின்றன. பிரிந்தவர்களின் எண்ணிக்கை மாறவே இல்லை. விகிதம் மட்டும் 40 ஆகிவிடும்.

மக்கள்தொகை ஆயிரம் பேருக்கு எத்தனை மணமுறிவு என்பது இன்னொரு அளவு. கணக்கிட எளிது, அதனால் எல்லா இடத்திலும் கிடைக்கும். அதில் குழந்தைகளும் மணமாகாதவர்களும் சேர்ந்துவிடுவதுதான் சிக்கல். அமெரிக்காவில் இந்த விகிதம் 1981இல் 5.3ஆக உச்சம் தொட்டது. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 2.5. இதில் ஒரு பகுதி மணவாழ்க்கை உறுதிப்பட்டதால் வந்த இறக்கம். இன்னொரு பகுதி, பிரிவதற்கு முதலில் மணந்தவர்கள் வேண்டுமே, அவர்களே குறைந்துவிட்டார்கள் என்பதால் வந்தது. நம்பத்தக்க வழி, ஒரே ஆண்டில் மணந்தவர்களைப் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து எண்ணுவது. அதன் விலை பொறுமை. நேற்று மணந்தவர்களைப் பற்றி இன்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்கிறவர்கள் பழைய போக்கை நீட்டித்துச் சொல்கிறார்கள்.

திருமண எண்ணிக்கையிலும் இதே பொறி உண்டு. சராசரி மண வயது ஒவ்வோர் ஆண்டும் 0.1 வயது ஏறிக்கொண்டிருந்தால், ஒருவர்கூடத் திருமணத்தைக் கைவிடாமலே ஒவ்வோர் ஆண்டும் திருமணங்கள் ஏறத்தாழ 10 சதவீதம் குறைவாகத் தெரியும். பிறப்பு விகிதத்தில் இந்த விளைவைத் தனியே பிரித்தெடுக்கும் வழியை ஜான் போங்கார்ட்ஸும் கிரிஃபித் ஃபீனியும் 1998இல் தந்தார்கள். தள்ளிப்போடுவதையும் கைவிடுவதையும் பிரித்துக் காட்டும் எளிய சோதனை, 50 வயதில் ஒருமுறையும் மணக்காதவர்கள் எத்தனை பேர் என்பது. ஜப்பானில் 1970இல் இது ஆண்களில் 1.7 சதவீதம், பெண்களில் 3.3 சதவீதம். 2020இல் ஆண்களில் கால் பங்குக்கு மேல், பெண்களில் ஆறில் ஒருவர் அளவு. இது வெறும் தாமதம் இல்லை. சீனாவில் 2013இல் ஏறத்தாழ 1.35 கோடி திருமணங்கள் பதிவாயின; 2024இல் 61 லட்சம். ஆனால் இந்தச் சரிவில், மண வயதுக்கு வரும் இளைஞர் கூட்டமே சிறுத்துவிட்டது என்பதும், ஆண்-பெண் எண்ணிக்கை கோணலாகிப் போனது என்பதும், தாமதமும், விருப்பமின்மையும் கலந்தே கிடக்கின்றன. நான்குக்கும் காரணம் வேறு வேறு. நான்கையும் 'மனப்பான்மை மாறிவிட்டது' என்ற ஒரே மூட்டையில் கட்டுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

எந்தக் கடந்த காலம்?

மாற்றம் என்று சொல்ல ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சமூகவியலாளர்கள் வைத்திருந்த கதை இது: முன்பு எல்லோரும் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்தார்கள், தொழிற்சாலை வந்தது, வேலை தேடி ஊர் ஊராக நகரச் சிறு குடும்பமே வசதி என்பதால் தனிக்குடும்பம் வந்தது. டால்காட் பார்சன்ஸ் 1955இல் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். குழந்தையை வளர்ப்பது, பெரியவர்களின் மனத்தை நிலைப்படுத்துவது ஆகிய இரண்டு வேலைகள் மட்டுமே குடும்பத்திடம் மிஞ்சியிருக்கின்றன என்றார். வில்லியம் குட் 1963இல் உலகம் முழுவதும் இதே திசையில் போகிறது என்றார்.

பத்தாண்டுக்குள் அடித்தளம் ஆட்டம் கண்டது. பீட்டர் லாஸ்லெட் பழைய ஊர்ப் பட்டியல்களை எடுத்து எண்ணிப் பார்த்தபோது, இங்கிலாந்தில் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஒரு வீட்டில் சராசரியாக ஐந்து பேருக்கும் குறைவாகவே இருந்தது தெரிந்தது. தொழிற்சாலை வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சிறு வீடு. ஜான் ஹஜ்னல் 1965இல் ஐரோப்பிய வரைபடத்தில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இத்தாலியின் திரியெஸ்தே வரை ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேற்கே பெண்கள் இருபதுகளின் நடுவில் மணந்தார்கள், பத்தில் ஒருவராவது மணக்காமலே இருந்தார். கிழக்கே இளவயதுத் திருமணம், ஏறத்தாழ எல்லோருக்கும் திருமணம். மைக்கேல் ஆண்டர்சன் இன்னொரு அடி கொடுத்தார். 1851இல் இங்கிலாந்தின் பஞ்சாலை நகரமான பிரெஸ்டனில் உறவினரோடு சேர்ந்திருந்த வீடுகள் 23 சதவீதம். லாஸ்லெட்டின் பழைய ஊர்களில் அது 10 சதவீதம் அளவே. வாடகையைப் பகிரவும், தாய் ஆலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் உறவு தேவைப்பட்டது. ஆலை உறவினரைப் பிரிக்கவில்லை, ஒரே கூரைக்குள் சேர்த்தது.

இங்கே கணக்கு ஒன்றையும் மறந்துவிடக் கூடாது. பெற்றோர் ஒரு மகனோடு மட்டும் வாழ்வதுதான் வழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மகன்கள் பிழைத்து வளர்ந்தால், வழக்கம் நூற்றுக்கு நூறு கடைப்பிடிக்கப்பட்டாலும் நான்கில் மூன்று வீடுகள் தனிக்குடும்பங்களே. தாத்தா பாட்டி பேரனைப் பார்க்கும் முன்பே இறந்துவிடும் காலத்தில் மூன்று தலைமுறை வீடு இன்னும் அரிது. ஆகவே வீட்டின் அளவைப் பார்த்து உறவின் நிலையைச் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் ஐ.பி. தேசாய் குஜராத்தின் மகுவாவில் செய்த ஆய்வு (1964) இதைத்தான் காட்டியது. தனித்தனி வீடுகளில் வாழ்ந்தவர்களும் சொத்திலும் கடமையிலும் ஒன்றாகவே இருந்தார்கள்.

ஒப்பீட்டுக்கு 1950களை எடுப்பது இன்னொரு வம்பு. அமெரிக்காவில் 1956இல் பெண்களின் முதல் மண வயது (இடைநிலை அளவு: பாதிப் பேர் அதற்கு முன், பாதிப் பேர் அதற்குப் பின்) 20.1, ஆண்களுக்கு 22.5. அந்நாட்டுப் பதிவுகளிலேயே அதுதான் அடிமட்டம். 1890இல் அது பெண்களுக்கு 22, ஆண்களுக்கு 26.1. இன்று 28, 30 என்று ஏறியிருப்பது உண்மையான மாற்றம்தான். ஆனால் பள்ளத்தில் நின்று அளந்தால் மேடு இருமடங்காகத் தெரியும்.

சம்பாதிக்கும் பெண் மணக்கமாட்டாளா?

பொருளியல் விளக்கங்களில் பெயர்பெற்றது கேரி பெக்கருடையது. அவர் பார்வையில் திருமணம் ஒரு பங்குத் தொழில். ஒருவர் வெளியே சம்பாதிக்கிறார், ஒருவர் வீட்டைப் பார்க்கிறார். இருவரும் தனித்தனியாக இருப்பதைவிடச் சேர்ந்தால் லாபம். பெண்ணின் கூலி ஏற ஏற அந்த லாபம் சுருங்கும்; திருமணம் குறையும், மணமுறிவு கூடும். கேட்பதற்கு இசைவாக இருக்கிறது. பலர் திண்ணையில் சொல்வதும் இதைத்தான், சமன்பாடு இல்லாமல்.

வலேரி ஒப்பன்ஹைமர் இதை 1988லும் 1994லும் எதிர்த்தார். ஒரே ஆள் சம்பாதிக்கும் வீடு வலுவானது என்று யார் சொன்னது? அவருக்கு வேலை போனால், நோய் வந்தால், முழு வீடும் சாயும். இருவர் சம்பாத்தியம் ஒரு காப்பீடு. தாமதத்துக்கு அவர் சொன்ன காரணம் வேறு. துணையைத் தேடுகிறவர், எதிராளி பத்தாண்டு கழித்து எப்படி இருப்பார் என்று ஊகிக்கிறார். ஆண்களின் வேலை நிலைப்படத் தாமதமானால் அந்த ஊகம் கலங்கலாகிறது, தேடல் நீள்கிறது. பெண்ணும் வேலைக்குப் போகிறாள் என்றால் அவளுடைய பாதையும் தெளிவாகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதன்படி திருமணம் தள்ளிப்போகும், ஆனால் மறையாது.

இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சான்று இருக்கிறது. பெக்கர் சரியென்றால் அதிகம் படித்த பெண்களே குறைவாக மணக்க வேண்டும். அமெரிக்காவில் முன்பு அப்படித்தான் இருந்தது, இப்போது தலைகீழ். பட்டம் பெற்ற பெண்கள் தாமதமாக மணக்கிறார்கள், ஆனால் மற்றவர்களைவிட அதிகமாக மணக்கிறார்கள். ஜப்பான் போன்ற இடங்களில் நெடுங்காலம் பெக்கர் சொன்னதே பொருந்தியது. ஆக, பெண்ணின் சம்பளத்துக்கென்று நிரந்தர விளைவு ஏதும் இல்லை. மணந்த பெண்ணிடம் அந்தச் சமூகம் என்ன எதிர்பார்க்கிறது என்பதே அந்தச் சம்பளத்தை வரமாகவோ தடையாகவோ ஆக்குகிறது.

ஆண்கள் பக்கமும் சான்று வலுவாகவே உண்டு. வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1987இல் ஒரே வயதுப் பெண்கள் 100 பேருக்கு வேலையில் உள்ள ஆண்கள் எத்தனை பேர் என்று எண்ணினார். அமெரிக்க நகரங்களின் ஏழைக் கறுப்பினப் பகுதிகளில் ஆலைகள் மூட, அந்த எண் விழுந்தது; திருமணமும் விழுந்தது. பின்னாளில் டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கோர்டன் ஹான்சன் மூவரும் சீன இறக்குமதியால் ஆலை வேலை இழந்த ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். ஆண்களின் வேலை போன இடங்களில் திருமணம் குறைந்ததை 2019இல் காட்டினார்கள்.

அப்படியானால் ஆண்களுக்கு நல்ல வேலை கிடைத்தால் திருமணம் திரும்ப வருமா? இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு இங்கேதான் இருக்கிறது. 1970களில் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பகுதியில் நிலக்கரி விலை ஏறி, பெரிய படிப்பில்லாத ஆண்களின் கூலி உயர்ந்தது. திருமணங்கள் கூடின. 2000களில் பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் தொழில் பெருகி, அதேபோன்ற ஆண்களின் கூலி அதேபோல உயர்ந்தது. மெலிஸா கியர்னியும் ரைலி வில்சனும் 2018இல் கணக்கெடுத்தபோது குழந்தைகள் கூடியிருந்தார்கள், திருமணம் கூடவில்லை. கையில் வந்த பணம் ஒன்றுதான். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்ற வழக்கம் மாறியிருந்தது. பணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

மதிப்புக் குறைந்ததா, கூடியதா?

அப்படியானால் மாறிய வழக்கம் என்ன? ரான் லெஸ்தாகேயும் டிர்க் வான் டெ காவும் 1986இல் 'இரண்டாம் மக்கள்தொகை மாற்றம்' என்ற கருத்தை முன்வைத்தார்கள். வயிறும் கூரையும் உறுதியான பிறகு மனிதர்கள் தம் விருப்பப்படி வாழ்ந்து நிறைவு காண்பதை நாடுகிறார்கள். அதனால் தாமதத் திருமணம், மணக்காமல் சேர்ந்து வாழ்வது, மணத்துக்கு வெளியே குழந்தை, குறைந்த பிறப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்றார்கள். வடக்கு ஐரோப்பாவுக்கு இது நன்றாகப் பொருந்தியது. 2021இல் இங்கிலாந்து-வேல்ஸில் பிறந்த குழந்தைகளில் 51.3 சதவீதத்தினரின் பெற்றோர் மணமாகாதவர்கள். பிரான்ஸில் அது 60ஐத் தாண்டிவிட்டது.

ஆனால் இந்தக் கருத்து சரியென்றால், அப்படி நிறைவு தேடுகிறவர்கள் முதலில் படித்தவர்களாக, வசதியானவர்களாக இருக்க வேண்டும். ப்ரியென்னா பெரெல்லி-ஹாரிஸும் உடன் ஆய்வாளர்களும் ஐரோப்பிய நாடுகளை எடுத்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழும் நிலையில் குழந்தை பெறுவது பெரும்பாலும் குறைந்த படிப்புள்ளவர்களிடமே அதிகமாக இருந்தது. லத்தீன் அமெரிக்காவிலோ பதிவில்லாத கூட்டு வாழ்க்கை காலனியக் காலத்திலிருந்தே ஏழைகளின் வழக்கம். அங்கே அது எந்தத் தத்துவத்துக்கும் காத்திருக்கவில்லை. வெளியே ஒன்றாகத் தெரியும் நடத்தைக்குள் விடுதலையும் இருக்கலாம், இல்லாமையும் இருக்கலாம்.

ஆண்ட்ரூ செர்லின் 2004இல் சொன்னது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. திருமணம் முன்பு அடிக்கல்லாக இருந்தது. அதை நட்டுவிட்டுத்தான் வீடு, வேலை, சேமிப்பு எல்லாம் கட்டினார்கள். இப்போது அது கோபுரக் கலசம். படிப்பு, வேலை, வீடு, சேர்ந்து வாழ்ந்து பார்த்த அனுபவம் எல்லாம் முடிந்தபின் மேலே ஏற்றுவது. கட்டடம் முடியாதவர்களுக்குக் கலசம் ஏற்ற நாளே வராது. கேத்ரின் ஈடினும் மரியா கெஃபாலாஸும் ஃபிலடெல்ஃபியா வட்டாரத்தில் ஏழைத் தாய்மார்கள் 162 பேரிடம் பேசி 2005இல் எழுதியது இதற்கு உயிர் கொடுக்கிறது. அந்தப் பெண்கள் திருமணத்தை மதிக்காததால் தள்ளவில்லை. மதித்ததால், முறிந்துபோகும் திருமணத்தில் இறங்க அஞ்சித் தள்ளினார்கள். குழந்தைக்கு அப்படி எந்தத் தகுதித் தேர்வும் வைக்கவில்லை. திருமணத்துக்கான நுழைவுத் தகுதி ஏறிவிட்டது என்று வாசித்தால் நிலக்கரி-எரிவாயுப் புதிரும் பாதி அவிழ்கிறது: கொஞ்சம் கூடுதல் கூலி முன்பு தகுதிக்குப் போதுமானதாக இருந்தது, இப்போது இல்லை. தாய்மைக்கும் திருமணத்துக்கும் இடையே இருந்த முடிச்சும் அவிழ்ந்துவிட்டதால் காத்திருப்பது எளிதாகிவிட்டது.

முடிச்சு அவிழாத இடங்கள்

கிழக்கு ஆசியாவில் அந்த முடிச்சு இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது. தென் கொரியாவில் 2023இல் மணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகள் 5 சதவீதத்துக்கும் கீழே. அதே ஆண்டு ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. திருமணம் தள்ளிப்போனால் குழந்தையும் கூடவே தள்ளிப்போகிறது. வேறு வாசல் இல்லை.

பீட்டர் மெக்டொனால்ட் 2000இல் தந்த விளக்கம் இங்கே உதவும். பள்ளி, கல்லூரி, வேலைச்சந்தை ஆகியவை பெண்ணைத் தனிமனுஷியாக நடத்துகின்றன. அங்கே சமத்துவம் வேகமாக வருகிறது. குடும்பம் மட்டும் அவளை மனைவி, மருமகள், தாய் என்றே பார்க்கிறது. அங்கே மெதுவாக வருகிறது. இரண்டுக்கும் இடைவெளி அகலும்போது பெண்கள் மெதுவான பக்கத்துக்குள் போவதையே தள்ளிப்போடுகிறார்கள். ஜப்பானைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் 'திருமணப் பொதி' என்கிறார்கள். கணவன் தனியாகக் கிடைப்பதில்லை. குழந்தை, அதன் படிப்பு, மாமியார் மாமனார் பராமரிப்பு, வீட்டு வேலை எல்லாம் ஒரே கட்டாக வருகின்றன. ஒன்றை மட்டும் எடுக்க முடியாது.

இதிலிருந்து ஒரு சங்கடமான முடிவு வருகிறது. பெண்கள் வேலைக்குப் போவது மாற்றத்தின் முதல் பாதி. ஆண்கள் வீட்டு வேலைக்கு வருவது இரண்டாம் பாதி என்று ஃபிரான்சஸ் கோல்ட்ஷைடரும் உடன் எழுதியவர்களும் 2015இல் வாதிட்டார்கள். முதல் பாதி குடும்பத்தை ஆட்டுகிறது, இரண்டாம் பாதி நிலைப்படுத்துகிறது என்பது அவர்கள் கருத்து. வடக்கு ஐரோப்பாவின் சில போக்குகள் இதற்கு ஆதரவாக இருந்தன. ஆனால் 2010க்குப் பின் அந்த நாடுகளிலும் பிறப்பு விகிதம் சரிந்துவிட்டது. ஆகவே இதை நிறுவப்பட்ட விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிரிவு

மணமுறிவு பெருகச் சட்டம் எளிதானதே காரணம் என்பது பழைய வாதம். யாருடைய குற்றத்தையும் நிறுவாமல் பிரியும் சட்டம் கலிஃபோர்னியாவில் 1969இல் இயற்றப்பட்டு 1970இல் நடைமுறைக்கு வந்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன, நியூயார்க் 2010இல் கடைசியாக. ஆண்டுகள் வேறு வேறாக இருந்ததால் விளைவை அளக்க முடிந்தது. சட்டம் வந்ததும் விகிதம் ஏறியது, ஆனால் பத்தாண்டுக்குள் அந்த ஏற்றம் கரைந்துவிட்டது என்று ஜஸ்டின் வோல்ஃபர்ஸ் காட்டினார். ஏற்கெனவே செத்துப்போயிருந்த மணங்களுக்குச் சட்டம் கதவைத் திறந்தது. நெருக்கடி தீர்ந்ததும் ஓட்டம் தணிந்தது. பெட்ஸி ஸ்டீவன்சனோடு அவர் 2006இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், துணையின் சம்மதம் இல்லாமல் ஒருவரே கோரும் மணமுறிவை அனுமதித்த மாநிலங்களில் மனைவியரின் தற்கொலை 8 முதல் 16 சதவீதம் வரை குறைந்தது. குடும்ப வன்முறை ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. வெளியேற வழி இருக்கிறது என்ற அறிவே வீட்டுக்குள் நடப்பதை மாற்றுகிறது, வெளியேறாதவர்களுக்கும்கூட.

யார் பிரிகிறார்கள் என்பதும் காலத்தோடு புரண்டிருக்கிறது. மணமுறிவு செலவும் அவப்பெயரும் மிகுந்ததாக இருக்கும்போது அதைத் தாங்கக்கூடிய மேல்தட்டினரே அதிகம் பிரிவார்கள். எளிதாகும்போது கீழ்த்தட்டுக்கு நகரும் என்று வில்லியம் குட் முன்பே கணித்திருந்தார். யுஹோ ஹர்கோனனும் யாப் ட்ரோங்கர்ஸும் 2006இல் பல நாடுகளை ஒப்பிட்டபோது அது பெருமளவு சரியாக இருந்தது. குட்டின் பெரிய கோட்பாடு சரிந்தது. ஓரமாகச் சொன்னது நின்றது. ஆய்வுலகில் இப்படி நடப்பதுண்டு.

பெண் வேலைக்குப் போவதால்தான் பிரிகிறார்கள் என்பதற்கு அலெக்ஸாண்ட்ரா கில்லெவால்டின் 2016 ஆய்வு நல்ல மறுப்பு. 1975க்குப் பின் அமெரிக்காவில் மணந்தவர்களில் மனைவியின் வேலை பிரிவைத் தொடவில்லை. கணவன் முழுநேர வேலையில் இல்லாததுதான் தொட்டது. அடுத்த ஓராண்டில் பிரியும் வாய்ப்பு 2.5 சதவீதத்திலிருந்து 3.3 ஆகிறது. மனைவியின் பாத்திரம் விரிந்துவிட்டது, கணவனுடையது சம்பாதிப்பவன் என்ற இடத்திலேயே நிற்கிறது. மைக்கேல் ரோசன்ஃபெல்டின் தரவும் இதோடு ஒத்துப்போகிறது. அமெரிக்காவில் மணமுறிவை விரும்பித் தொடங்குபவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். மணமாகாத இணைகளின் பிரிவில் அப்படி ஆண்-பெண் வேறுபாடே இல்லை. பெண்கள் பொதுவாக உறவை முறிப்பவர்கள் என்றால் இரண்டிலும் தெரிய வேண்டும்.

முன்கூட்டிச் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பிறகு அதிகம் பிரிகிறார்கள் என்ற கண்டுபிடிப்பு பல காலம் சுற்றியது. அதில் பெரும்பகுதி, எப்படிப்பட்டவர்கள் அந்த வழக்கத்தைத் தேர்ந்தார்கள் என்பதன் விளைவு. அந்த வழக்கம் அரிதாக இருந்தபோது அதில் இறங்கியவர்களே மரபைப் பொருட்படுத்தாதவர்கள். மேலும் அரியெல் குப்பர்பெர்க் 2014இல் காட்டியதுபோல, மண நாளுக்குப் பதிலாக ஒரே வீட்டில் வாழத் தொடங்கிய வயதைக் கணக்கில் எடுத்தால் வேறுபாடு பெரும்பாலும் மறைகிறது. பதின்வயதில் சேர்வதுதான் ஆபத்து, பதிவேட்டில் கையெழுத்திட்ட முறை அல்ல.

50 வயதைத் தாண்டியவர்களிடம் மட்டும் வளைவு மேல்நோக்கிப் போயிருக்கிறது. அமெரிக்காவில் 1990இலிருந்து 2010க்குள் அவர்களின் மணமுறிவு விகிதம் இருமடங்கானது என்று சூசன் பிரவுனும் ஐ-ஃபென் லினும் கணக்கிட்டார்கள். மறுமணங்கள் இதில் அதிகம். முதல் மணத்தைவிட அவை எளிதில் முறிகின்றன. ஆயுளும் நீண்டிருக்கிறது. கிங்ஸ்லி டேவிஸ் 1972இல் ஓர் எளிய கூட்டலைச் செய்தார். சாவால் முடிந்த மணங்களையும் நீதிமன்றத்தால் முடிந்தவற்றையும் சேர்த்தால், 1860களிலிருந்து 1970 வரை அமெரிக்காவில் ஆண்டுதோறும் முறிந்த மணங்களின் மொத்த விகிதம் பெரிதாக மாறவே இல்லை. சாவு பின்வாங்கிய இடத்தை மணமுறிவு மெல்ல நிரப்பியது. அன்றும் மறுமணம் இருந்தது, மாற்றாந்தாய் இருந்தாள், ஒரே வீட்டில் இரண்டு தாய்களின் பிள்ளைகள் இருந்தார்கள். அன்று பெற்ற தாய் நினைவில் மட்டும் இருந்தாள். இன்று அவள் உயிரோடு இருக்கிறாள், பள்ளிக் கட்டணம் பற்றிப் பேச அழைக்கிறாள், வெள்ளிக்கிழமை மாலை பிள்ளையைக் கூட்டிப்போக வாசலில் வந்து நிற்கிறாள்.